விலையற்ற அருளும் சாட்சியுள்ள கணக்கும்

கிறிஸ்தவ வழிபாட்டைப் பேராசையினின்றும் ஊழலினின்றும் காத்தல்
(புலம்பெயர்ந்து வாழும் தமிழ்க் கிறிஸ்தவர்களின் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

ஞாயிற்றுக்கிழமைக் காலை வேளை. இரவுப் பணி முடித்து, உறங்காத கண்களோடு வழிபாட்டுக்கு வந்திருக்கின்றார் ஒரு தொழிலாளி. பாடல் ஒலிக்கின்றது. காணிக்கைப் பை வரிசை வரிசையாக நகர்ந்து அவர் முன் வருகின்றது. சட்டைப்பையிலிருந்து ஒரு பணத்தாளை எடுத்து, மடித்து, இடுகின்றார். அந்தத் தாள் எத்தனை மணிநேர உழைப்பின் விலை என்பது அவருக்குத் தெரியும். பை அவரைக் கடந்து சென்றுவிடுகின்றது. அதன்பின் அந்தத் தாளுக்கு என்ன நேர்கின்றது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. அதைக் கேட்கலாமா? கேட்டால் நம்பிக்கையில் குறைவுள்ளவர் என்று எண்ணிவிடுவார்களா?

இந்தக் கேள்வியே இன்றைய உரையின் பொருள். இதற்குக் கிறிஸ்தவ வரலாறு இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரே விடையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கின்றது. இறைவனின் அருளுக்கு விலை கிடையாது. மனிதர் கையாளும் பணத்துக்குச் சாட்சி வேண்டும். இவ்விரண்டும் ஒரே கதவின் இரு தாழ்கள். ஒரு தாழ் கழன்றாலும் பேராசை உள்ளே நுழைந்துவிடும். நுழைந்தபோதெல்லாம் அதன் விலையைச் செலுத்தியவர்கள் ஏழைகளே.

பலிபீடத்தருகே தொடங்கிய நோய்

வழிபாட்டில் பேராசை புகுவது புதிய செய்தியன்று. சாமுவேலின் முதலாம் நூல், சீலோவாம் திருத்தலத்தில் பணியாற்றிய ஏலியின் புதல்வர்களைப் பற்றிப் பேசுகின்றது. மக்கள் பலியிடக் கொண்டுவந்த இறைச்சியில், இறைவனுக்குரிய கொழுப்பு எரிக்கப்படுமுன்னரே தங்களுக்கு வேண்டிய பங்கை வன்முறையாகப் பறித்துக்கொண்டவர்கள் அவர்கள். அதனால் விளைந்தது என்ன என்பதையும் அந்நூல் மறைக்கவில்லை. அவர்கள் இறைவனின் காணிக்கையையே அவமதித்தார்கள். அதைக் கொண்டுவருவதே மக்களுக்கு வெறுப்பாயிற்று. ஊழலின் முதல் இழப்பு பணமன்று. வழிபடும் மனமே முதலில் பறிபோகின்றது.

அதே வேதாகமம் மருந்தையும் சொல்கின்றது. யூதாவின் அரசன் யோவாசு, ஆலயத்தைப் பழுதுபார்க்கவென வரும் பணத்தை ஆசாரியர்களிடம் ஒப்படைத்தான். அவனது ஆட்சியின் இருபத்துமூன்றாம் ஆண்டு வரையும் பழுது பார்க்கப்படவில்லை. அப்போது ஆசாரியன் யோய்தா ஒரு பெட்டியை எடுத்து, அதன் மூடியில் துளையிட்டு, பலிபீடத்தின் அருகே வைத்தான். பெட்டியில் பணம் சேர்ந்தபோது அரசனின் எழுத்தரும் தலைமை ஆசாரியனும் ஒன்றாக வந்து எண்ணி, பைகளில் கட்டினார்கள். இரண்டு பேர், இரண்டு வெவ்வேறு அதிகாரங்களைச் சேர்ந்தவர்கள், எல்லோரும் காணும் இடத்தில் ஒரு பெட்டி! இன்றைய கணக்காய்வாளர் எவரும் இதைவிடப் பெரிதாக எதையும் கேட்கப் போவதில்லை.

புறாக்களின் விலை

எருசலேம் ஆலய முற்றத்தில் இயேசு காசு மாற்றுவோரின் மேசைகளைக் கவிழ்த்த நிகழ்ச்சியை நான்கு நற்செய்தியாளர்களும் எழுதியிருக்கின்றார்கள். அங்கே நடந்தது வெளிப்படையான களவு என்று எளிதாகச் சொல்லிவிட முடியாது. ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய அரைச் சேக்கல் ஆலய வரிக்குத் தூய வெள்ளி வேண்டியிருந்தது. அதற்குத் தீர் நகரத்து நாணயமே ஏற்றது. பல நாடுகளிலிருந்து வந்த யாத்திரிகர்கள் தங்கள் நாணயங்களை மாற்றித்தான் ஆகவேண்டும். பழுதற்ற பலிப்பொருளைத் தொலைதூரத்திலிருந்து கொண்டுவருவதும் கடினம். எனவே அந்த மேசைகள் ஒரு தேவைக்காக, ஒரு சேவையாகவே இருந்தன. சேவை வாணிகமாகி, வாணிகம் வழிபாட்டின் இடத்தைப் பிடித்துக்கொண்டதுதான் அங்கே நேர்ந்தது.

மாற்கு நற்செய்தி ஒரு சிறு விவரத்தைக் குறிக்கின்றது. காசு மாற்றுவோரின் மேசைகளோடு புறா விற்போரின் இருக்கைகளும் கவிழ்ந்தன. ஏன் புறா? ஆட்டுக்குட்டி வாங்க இயலாத ஏழைகள் புறாக்களைச் செலுத்தலாம் என்று மோசேயின் சட்டம் சலுகை அளித்திருந்தது. குழந்தை இயேசுவை ஆலயத்துக்குக் கொண்டுவந்தபோது மரியாளும் யோசேப்பும் செலுத்தியது இந்தப் பறவைக் காணிக்கையே என்று லூக்கா எழுதுகின்றார். ஏழையின் காணிக்கையோடு ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்ட அந்தக் குழந்தையே வளர்ந்து வந்து, ஏழையின் பலிப்பொருளை வைத்து நடந்த வாணிகத்தைக் கவிழ்த்தது!

இன்னுமொன்று. இரண்டு செப்புக்காசுகளை இட்ட ஏழைக் கைம்பெண்ணின் கதையைக் கேளாத கிறிஸ்தவர் இல்லை. காணிக்கையைக் கேட்கும் பிரசங்கங்களில் அவள் வராத நாளும் குறைவு. ஆனால் மாற்கு நற்செய்தியில் அந்தக் கதைக்குச் சற்று முன்னர் நிற்கும் எச்சரிக்கை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. நீண்ட செபங்களைக் காட்சிக்காகச் செய்து, கைம்பெண்களின் வீடுகளை விழுங்கும் மறைநூல் அறிஞர்களைக் குறித்த எச்சரிக்கை அது. கைம்பெண்ணின் தாராளத்தைப் புகழும் வாய், அவள் வீட்டை விழுங்குவோரையும் கண்டிக்கவேண்டும். நற்செய்தியாளர் அருகருகே வைத்தவற்றைப் பிரிப்பது முறையாகாது.

வாங்க வந்தவனின் பெயர்

திருச்சபைப் பதவியையும் அருளடையாளங்களையும் விலைபேசும் குற்றத்துக்கு ஐரோப்பிய மொழிகளில் 'சீமோனி' என்று பெயர். அப்பெயர் திருத்தூதர் பணிகள் நூலின் எட்டாம் அதிகாரத்தில் வரும் சீமோன் என்னும் சமாரிய மந்திரவாதியிடமிருந்து வந்தது. கைகளை வைத்துத் தூய ஆவியை அளிக்கும் வல்லமையைத் தனக்கும் தருமாறு பேதுருவிடமும் யோவானிடமும் பணத்தை நீட்டியவன் அவன். பேதுரு அவனையும் அவன் பணத்தையும் சேர்த்தே கண்டித்தார்.

இங்கே ஊன்றிக் கவனிக்கவேண்டிய ஓர் உண்மை உண்டு. சீமோன் விற்றவன் அல்லன், வாங்க வந்தவன். திருச்சபை இந்தக் குற்றத்துக்கு வாங்க வந்தவனின் பெயரையே சூட்டியது. வழிபாட்டில் பேராசை எப்போதும் மேடையிலிருந்து மட்டும் இறங்கி வருவதில்லை, இருக்கைகளிலிருந்தும் எழுகின்றது. கொடுத்தால் பத்து மடங்காகத் திரும்பும், விசா கிடைக்கும், வீடு கிடைக்கும், நோய் தீரும் என்று எண்ணிக் காணிக்கையை முதலீடாக்குகின்றவரும் சீமோனின் வழியிலேயே நடக்கின்றார். அந்த ஆசை இருக்கும்வரை அதற்கு விலைப்பட்டியல் எழுதும் போதகர்களும் இருப்பார்கள். கேட்போரின் ஆசை தணியாமல் சொல்வோரின் ஆசை தணியாது.

முதல் நூற்றாண்டுகளின் காவல்

எருசலேமின் ஏழைகளுக்காகப் பல சபைகளில் நிதி திரட்டிய பவுல், அதைத் தாமே தனியாகக் கொண்டுசெல்ல முற்படவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் திருமுகத்தில், அச்சபையார் தகுதியானவர்கள் என்று ஏற்கின்றவர்களிடமே அது ஒப்படைக்கப்படும் என்றார். இரண்டாம் திருமுகத்தின் எட்டாம் அதிகாரத்தில் தீத்துவோடு வேறு சகோதரர்களையும் அனுப்புகின்றார். அவர்களுள் ஒருவர் சபைகளாலேயே தெரிந்தெடுக்கப்பட்டவர். இவ்வளவு பெரிய தொகையைக் கையாள்வதில் எவரும் குறைகூற இடமிருக்கலாகாது, இறைவன் முன் மட்டுமன்றி மனிதர் முன்னும் நேர்மை விளங்கவேண்டும் என்பதே அவர் சொன்ன காரணம். பவுலின் நேர்மையை ஐயுற்றவர்கள் கேட்டதனால் மட்டும் எழுந்த ஏற்பாடன்று இது. நேர்மையானவரே சாட்சிகளை முதலில் தேடுகின்றார்!

தொடக்கத் திருச்சபையின் ஒழுங்குகளைக் கூறும் 'திதக்கே' என்னும் சிறு நூல், கொன்ஸ்தாந்திநோபிளில் கிடைத்த கையெழுத்துப் படியிலிருந்து 1883-ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. ஊர் ஊராகச் செல்லும் போதகர்களை எவ்வாறு சோதித்தறிவது என்பதை அது கூறுகின்றது. மூன்று நாள் தங்கினால் அவர் பொய்யர். புறப்படும்போது வழியுணவுக்கு மேல் பணம் கேட்டாலும் பொய்யர். ஆவியின் பெயரால் தமக்கெனப் பணம் கேட்பவருக்குச் செவிகொடுக்கலாகாது. வறியவர்க்கெனக் கேட்டால் அவரைத் தீர்ப்பிடலாகாது. இரண்டாம் நூற்றாண்டிலே கிரேக்க எழுத்தாளர் லூசியன், கிறிஸ்தவர்களின் வெள்ளையுள்ளத்தைப் பயன்படுத்திச் செழித்த பெரெகிரீனுஸ் என்பவனைப் பற்றி எள்ளல் நூலொன்று எழுதினார். அந்த எச்சரிக்கை எத்துணை தேவையாயிருந்தது என்பதற்கு வெளியார் ஒருவர் தந்த சான்று அது.

ஏறத்தாழ 197-ஆம் ஆண்டில் வட ஆபிரிக்காவின் தெர்த்துல்லியன் எழுதிய விளக்கவுரை, அக்காலச் சபையின் பொதுப் பெட்டியை வருணிக்கின்றது. மாதமொருமுறை, விரும்பியவர், இயன்றதை இட்டனர். கட்டாயம் இல்லை. அப்பணம் ஏழைகளை உண்பிக்கவும் அடக்கஞ்செய்யவும், ஆதரவற்ற சிறுவர்களுக்கும் முதியோர்க்கும், சிறையிலிருந்தோர்க்கும் செலவாயிற்று. வருவாயையும் செலவையும் பகைவரும் அறியச் சொல்லும் துணிவு அந்தச் சபைக்கு இருந்தது.

451-ஆம் ஆண்டின் கல்கெதோன் பொதுச்சங்கம், கிறிஸ்துவின் இயல்பு பற்றிய விளக்கத்துக்காகவே பெரிதும் நினைக்கப்படுகின்றது. அதன் இரண்டாம் விதி, பணம் பெற்றுக்கொண்டு குருத்துவம் வழங்கும் ஆயரின் பதவியையே பறித்தது. இருபத்தாறாம் விதியோ, ஆயர் உள்ள ஒவ்வொரு திருச்சபைக்கும் ஒரு பொருளாளர் இருக்கவேண்டும் என்று கட்டளையிட்டது. திருச்சபையின் நிர்வாகம் சாட்சியற்றதாய் இருக்கலாகாது, அதன் சொத்துக்கள் சிதறலாகாது, குருத்துவத்துக்கு இகழ்ச்சி நேரலாகாது என்பன அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். விலையில்லா அருளும் சாட்சியுள்ள கணக்கும் ஒரே சங்கத்தின் விதிகளில் இடம்பெற்றிருக்கின்றன.

1517: ஒரு கடனின் கதை

இரு தாழ்களும் ஒருங்கே கழன்றால் என்ன நேரும் என்பதற்கு ஜேர்மனியில் நடந்தது அழியாத பாடம்.

பிராண்டன்பூர்க் அரச குடும்பத்து இளைஞர் அல்பிரெக்ட், 1513-ஆம் ஆண்டில் மக்டபூர்க்கின் பேராயரானார்; ஹல்பர்ஸ்டட் மறைமாவட்டமும் அவர் கையில் இருந்தது. மறு ஆண்டு மைன்ஸ் நகரின் பேராயராகவும் தெரிவுசெய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது இருபத்துமூன்று. ஆயராவதற்குரிய வயது அவருக்கு இல்லை. பல மறைமாவட்டங்களை ஒருவரே வைத்திருப்பதும் விதிக்கு மாறானது. விதிவிலக்குக்கு உரோமையில் பணம் கட்டவேண்டியிருந்தது. விதிவிலக்குக்கு மாத்திரம் 10,000 டகட் பொற்காசுகள். அவுக்ஸ்பூர்க் நகரத்து ஃபுக்கர் வணிகக் குடும்பம் கடன் கொடுத்தது.

கடனை அடைப்பது எவ்வாறு? உரோமையிலே புனித பேதுரு பேராலயம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் கட்டட நிதிக்கென்று திருத்தந்தை பத்தாம் லியோ அறிவித்த பாவமன்னிப்புச் சீட்டுகளை அல்பிரெக்ட்டின் ஆட்சி எல்லைகளில் வழங்க 1515-இல் இசைவு கிடைத்தது. வருவாயில் பாதி பேராலயத்துக்கு. மறுபாதி அல்பிரெக்ட்டின் கடனுக்கு. மக்களுக்குச் சொல்லப்பட்டதோ பேராலயம் மட்டுமே! அரசர்க்கும் ஆயர்க்கும் 25 குல்டன் பொன் என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி அரைக் குல்டன் வரை கட்டண வரிசை எழுதப்பட்டது. பணமே இல்லாதவர்கள் செபமும் நோன்பும் செலுத்தலாம் என்று ஏட்டில் இருந்தது. ஆனால் தெட்சல் என்னும் துறவி ஊர் ஊராகச் செய்த பரப்புரையில் ஒலித்தது பணப்பெட்டியின் ஓசையே.

சாக்சனியின் ஆட்சியாளர் பிரெடெரிக் தமது நாட்டுக்குள் தெட்சலை அனுமதிக்கவில்லை. அது தூய எண்ணத்தால் மட்டுமன்று. விட்டன்பெர்க் கோட்டைத் தேவாலயத்தில் அவரும் ஆயிரக்கணக்கான திருப்பண்டங்களைச் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைக் காண வருவோர்க்கும் அதே வகையான பலன்கள் அறிவிக்கப்பட்டிருந்தன. போட்டி வணிகரை உள்ளே விட எந்த வணிகர் விரும்புவார்? விட்டன்பெர்க் மக்கள் எல்லை கடந்து யூட்டர்போக் சென்று சீட்டுகளை வாங்கி வந்தார்கள். அவர்களுக்கு ஒப்புரவு வழங்கும் குருவாயிருந்தவர் மார்ட்டின் லூதர். சீட்டு கையிலிருக்க மனந்திரும்புதல் எதற்கு என்று எண்ணத் தொடங்கிய மக்களைக் கண்டதே அவர் எழுதக் காரணமாயிற்று.

1517 ஒக்டோபர் 31-ஆம் நாள் லூதர் தம் 95 கருத்துரைகளை இணைத்துக் கடிதம் எழுதியது யாருக்குத் தெரியுமா? பேராயர் அல்பிரெக்ட்டுக்கே! பேராயரின் பெயரைச் சொல்லி நடக்கும் தவறு பேராயருக்குத் தெரியாதிருக்கும் என்று அவர் நம்பினார். கடன் பற்றிய உடன்பாட்டை அவர் அப்போது அறிந்திருக்கவில்லை. அக்கருத்துரைகளுள் சில இன்றும் சுடுகின்றன. ஏழைக்குக் கொடுப்பது சீட்டு வாங்குவதிலும் மேலானது என்றார். செல்வம் மிக்க திருத்தந்தை ஏழைகளின் பணத்தில் அன்றித் தமது பணத்தில் பேராலயத்தைக் கட்டலாகாதா என்று மக்கள் கேட்பதாகவும் எழுதினார்.

இந்தக் கதையில் கள்ளன் என்று ஒருவனைச் சுட்டுவது எளிதன்று. கட்டப்பட்டது ஒரு தேவாலயம், கடன் கொடுத்தவர் வணிகர், பிரசங்கித்தவர் துறவி, வாங்கியவர் இறந்துபோன தாய் தந்தையரை நினைத்து அழுதவர். ஆயினும் அருளுக்கு விலை எழுதப்பட்டது, கணக்கு மறைக்கப்பட்டது. மேற்குத் திருச்சபை பிளந்தது.

திருத்தமும் தொடரும் சோதனையும்

கத்தோலிக்கத் திருச்சபை இதிலிருந்து கற்கவில்லை என்று கூறுவது நேர்மையாகாது. 1562 யூலையில் திரெந்து பொதுச்சங்கம், சீட்டுப் பரப்புரை செய்து நன்கொடை திரட்டும் பதவியையே ஒழித்தது. 1567-இல் திருத்தந்தை ஐந்தாம் பயஸ், பணக் கட்டணத்தோடு பிணைக்கப்பட்ட பலன்கள் அனைத்தையும் நீக்கினார். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு, திருப்பலிக் காணிக்கையில் வாணிகத்தின் சாயல்கூட இருக்கலாகாது என்று 947-ஆம் விதியில் சொல்கின்றது. வறுமையால் எவரும் அருளடையாளத்தை இழக்கலாகாது என்பது 848-ஆம் விதி. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்கவேண்டும் என்பது 537-ஆம் விதி. ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்பட்ட காணிக்கை அந்த நோக்கத்துக்கே செலவாகவேண்டும் என்பது 1267-ஆம் விதி. மக்கள் கொடுத்தவற்றுக்கு மக்களிடம் கணக்குக் காட்டவேண்டும் என்பது 1287-ஆம் விதி. கோவிலில் விலைப்பட்டியல் தொங்குவதைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2014 நவம்பரில் ஆற்றிய மறையுரை ஒன்றில் வெளிப்படையாகக் கண்டித்தார். விதி எழுதப்பட்ட பின்னும் அதை நினைவூட்ட வேண்டியிருந்தது.

சீர்திருத்தத் திருச்சபைகளும் தப்பிவிடவில்லை. இங்கிலாந்தில் பங்குக் குருவை நியமிக்கும் உரிமை நிலம்போல் விற்கப்பட்டது. 1898-ஆம் ஆண்டின் சட்டமே அதைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. தேவாலய இருக்கைகளும் வாடகைக்கு விடப்பட்டன. வாடகை கொடுத்தவர்க்கு நல்ல இருக்கை. கொடாதவர்க்குப் பின்வரிசையோ ஓரமோ.

தமிழ் மண்ணோடு தொடர்புடைய நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1542 முதல் முத்துக்குளித்துறையில் பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், புதிதாக மறையைத் தழுவிய பரதவ மக்களைச் சுரண்டிய போர்த்துக்கீச அலுவலர்களின் பேராசையைத் தம் கடிதங்களில் கடுமையாகச் சாடினார். அக்கரையோரத்திலிருந்து போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் ஒரு தொகை சென்றுகொண்டிருந்தது. அதை மறைக்கல்வி புகட்டும் உபதேசியார்களின் ஊதியத்துக்கு விட்டுத்தருமாறு அவர் கேட்டுப் பெற்றார். மீனவர் கடலில் மூழ்கி எடுத்த செல்வம் அவர்கள் பிள்ளைகளின் கல்விக்கே திரும்பியது.

இக்காலத்துப் பாடங்கள்

அமெரிக்கத் தொலைக்காட்சிப் போதகர் ஜிம் பேக்கர், 1,000 டொலர் கொடுப்போர்க்கு ஆண்டுதோறும் மூன்று இரவுகள் விடுதியில் தங்கும் வாழ்நாள் உரிமை என்று அறிவித்தார். தங்க வைக்கக்கூடிய எண்ணிக்கைக்கு மேலே பல்லாயிரம் பேரிடம் பணம் பெறப்பட்டது. 1989-இல் 24 குற்றச்சாட்டுகளில் அவர் குற்றவாளியெனத் தீர்ப்பாகி 45 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. பின்னர் அது குறைக்கப்பட்டு 1994-இல் விடுதலையானார்.

சிங்கப்பூரின் சிட்டி ஹார்வெஸ்ட் சபை வழக்கு இன்னும் நுட்பமானது. கட்டட நிதியிலிருந்து ஏறத்தாழ 24 மில்லியன் சிங்கப்பூர் டொலர், பொய்யான முதலீட்டுப் பத்திரங்களின் வழியாகப் போதகரின் மனைவியின் இசைப்பணிக்குச் சென்றது. அதை மறைக்க மேலும் 26 மில்லியன் சுழற்றப்பட்டது. 2015 ஒக்டோபரில் சபையின் நிறுவனர் கொங் ஹீ உட்பட ஆறு பேர் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். 2017-இல் மேல்நீதிமன்றம் அவரது எட்டு ஆண்டுத் தண்டனையை மூன்றரை ஆண்டாகக் குறைத்தது. அவர்கள் தங்கள் சொந்த இலாபத்துக்காக அதைச் செய்யவில்லை, சபையின் நலனுக்கென்றே எண்ணினார்கள் என்பதையும் அத்தீர்ப்பு கருத்திற்கொண்டது. ஆனால் குற்றம் குற்றமே. கட்டடத்துக்கென்று கொடுத்தவரின் பணம் கட்டடத்துக்கு உரியது. நற்செய்தியைப் பரப்பும் நோக்கமே ஆயினும், கொடுத்தவருக்குத் தெரியாமல் அதைத் திருப்ப எவருக்கும் உரிமையில்லை.

உரோமையும் விலக்கன்று. இலண்டனில் கட்டடம் வாங்கிய விவகாரம் உள்ளிட்ட வழக்கில், 2023 டிசம்பர் 16-ஆம் நாள் வத்திக்கான் நீதிமன்றம் கர்தினால் ஆஞ்சலோ பெச்சியு உள்ளிட்டோரைக் குற்றவாளிகளாகக் கண்டது. குற்றத்தை மறுத்த அவர் மேன்முறையீடு செய்தார். ஒரு கர்தினாலையே வத்திக்கானின் சொந்த நீதிமன்றம் விசாரித்தது என்பதிலேயே ஒரு பாடம் உண்டு. விசாரணை திருச்சபையின் இழிவன்று, மறைத்தலே இழிவு.

புலம்பெயர்ந்த சபைகளுக்கு

உடன்பிறப்புகளே! வாடகை மண்டபத்தில் கூடும் சிறு சபைக்கு இத்துணை வரலாறு எதற்கு என்று கேட்கலாம். சிறு சபையிலேதான் ஆபத்து மிகுதி. போதகரே பொருளாளர், அவர் துணைவியாரே எழுத்தர், வங்கிக் கணக்கும் அவர் பெயரிலேயே. எவரும் தீயவராயிருக்க வேண்டியதில்லை. ஒருவர் மட்டுமே அறிந்த கணக்கு என்பது, நல்லவரையும் ஒருநாள் சோதனைக்குள் தள்ளும் பொறி. பொய்ப்பழி வந்தால் அவரைக் காக்கவும் எவரிடமும் சான்றிராது. மேலும், தாயகத்தில் போரிலும் கடற்கோளிலும் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கென்று சொல்லி ஒருவர் கைநீட்டும்போது, புலம்பெயர்ந்த தமிழரின் நெஞ்சு எண்ணிப் பார்ப்பதில்லை, அள்ளிக் கொடுத்துவிடுகின்றது. அந்த இரக்கம் புனிதமானது. அதனாலேயே அதற்குக் காவல் இரட்டிப்பாக வேண்டும்.

கணக்குக் கேட்போரை வாயடைக்க இரண்டு மறைநூல் மேற்கோள்கள் அடிக்கடி எடுத்தாளப்படுவதுண்டு. முதலாவது, இறைவனால் அபிஷேகம் பெற்றவரைத் தொடலாகாது என்பது. தாவீது சவுலைக் கொல்ல மறுத்த வரலாற்றில் அது வருகின்றது. ஆனால் அதே தாவீது சவுலின் முகத்துக்கு நேரே அவன் செய்த அநீதியை எடுத்துரைத்தான். அபிஷேகம் செய்து வைத்த சாமுவேலோ, முதிர்ந்த வயதில் மக்கள் அனைவர் முன்னும் நின்று, யாருடைய எருதையேனும் கழுதையையேனும் எடுத்துக்கொண்டதுண்டா, யாரிடமேனும் கையூட்டு வாங்கியதுண்டா, சாட்சி சொல்லுங்கள் என்று தாமே கேட்டார். அபிஷேகம் பெற்றவர் கணக்குக் காட்டும் முறை அதுவே.

இரண்டாவது, வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்ற இயேசுவின் படிப்பினை. அது கொடுப்பவரின் பெருமையை அடக்கச் சொல்லப்பட்டது. பெறுபவர் தமது செலவை மறைக்கச் சொல்லப்பட்டதன்று!

ஆகவே செய்யவேண்டியவை கடினமானவையல்ல. காணிக்கையை, ஒரே குடும்பத்தைச் சேராத இருவர் வழிபாடு முடிந்தவுடன் எண்ணிக் கையொப்பமிடவேண்டும். வங்கிக் கணக்கு சபையின் பெயரில், இருவர் கையொப்பத்தோடு இயங்கவேண்டும். போதகரின் ஊதியத்தைப் போதகரல்லாதோர் குழு தீர்மானிக்கவேண்டும். அது கண்ணியமாக வாழப் போதுமானதாயும் இருக்கவேண்டும். வேலையாள் தன் கூலிக்கு உரியவன் என்பதும் மறைநூலின் போதனையே. அவரைப் பட்டினி போட்டுவிட்டு நேர்மையை எதிர்பார்ப்பது சபையின் பேராசை. குறித்த நோக்கத்துக்கான நிதி தனிக்கணக்கில் நிற்கவேண்டும். ஆண்டறிக்கை ஒவ்வோர் உறுப்பினர் கையிலும் தமிழில் கிடைக்கவேண்டும். திருமுழுக்குக்கும் திருமணத்துக்கும் அடக்கத்துக்கும் செபத்துக்கும் விலை சொல்லப்படலாகாது.

வாழும் நாட்டின் சட்டமும் துணை நிற்கின்றது. கனடாவில் பதிவுபெற்ற அறநிலையம் ஒவ்வொன்றும் நிதியாண்டு முடிந்து ஆறு மாதங்களுக்குள் டி3010 என்னும் படிவத்தைச் செலுத்தவேண்டும். அதன் விவரங்களை எவரும் இணையத்தில் பார்க்கலாம். இங்கிலாந்திலும் சிங்கப்பூரிலும் அறநிலையங்களுக்கான பொதுப் பதிவேடுகள் உள்ளன. பார்ப்பது துரோகமன்று. கொடுத்தவர் தாம் கொடுத்ததைத் தொடர்ந்து நேசிப்பதன் அடையாளம் அது.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் அந்தியோக்கியாவில் போதித்த யோவான் கிறிசோஸ்தோம், பீடத்தைப் பட்டால் போர்த்திவிட்டு வாயிலில் குளிரில் நடுங்கும் ஏழையைக் கடந்துபோவோரைக் கண்டித்தார். வழிபாட்டின் அழகை அவர் வெறுக்கவில்லை. அந்த அழகு யாருடைய ஆடையைப் பறித்துப் பெறப்பட்டது என்று கேட்டார்.

இரவுப் பணி முடித்து வந்த அந்தத் தொழிலாளியின் பணத்தாள் காணிக்கைப் பைக்குள் விழுந்த கணத்தில் அவருடைய உடைமை என்னும் நிலை நீங்கிற்று. போதகரின் உடைமையாகவும் அது மாறிவிடவில்லை. இறைவனுக்கென்று கொடுக்கப்பட்டது அது. இறைவனுக்கென்று கொடுக்கப்பட்டதற்கு இறைமக்கள் அனைவரும் சாட்சிகள். அந்தத் தாள் எங்கே சென்றது என்று அவர் அடுத்த ஞாயிறு கேட்டால், சபை முகம் சுளிக்காமல் ஏட்டைத் திறந்து காட்டட்டும். ஏலியின் புதல்வர்களின் காலத்தில் மக்கள் காணிக்கையை வெறுத்தார்கள். திறந்த ஏடுள்ள சபையில் மக்கள் காணிக்கையை மகிழ்வோடு கொண்டுவருவார்கள்.